மண்ணைத் தொடாத விதைக்கிழங்கு

1972 ஜூன் 23 அன்று, ராட்டர்டாமிலிருந்து 300 கொள்கலன்களை ஏற்றிக்கொண்டு வந்த ‘எம்.வி. நிஹோன்’ கப்பல் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் கரையணைந்தது. தென்கிழக்காசியாவின் முதல் கொள்கலன் முனையம் வேலையைத் தொடங்கியது அன்றுதான். உருளைக்கிழங்கு போலக் கனமான, மலிவான, வழியிலேயே முளைவிட்டு அழுகிப்போகிற சரக்குக்கு அது பெரிய திருப்பம். மூட்டையாக வெயிலில் கிடந்த பொருள் பெட்டிக்குள் போனது. பெட்டிக்குக் குளிரூட்டமும் வந்தது. கடல் தாண்டி வரும் கிழங்கு, பக்கத்து ஊரிலிருந்து வருவதுபோல ஆகிவிட்டது.

தஞ்சோங் பகாரில் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்துக்கோ அமோய் ஸ்திரீட்டுக்கோ போய் ஒரு கறி பஃப்பைப் பிட்டுப் பாருங்கள். மடிப்புக்குள் இருப்பதில் பெரும்பகுதி உருளைக்கிழங்குதான். மசால் தோசை, இந்தியன் ரோஜாக், மட்டன் குழம்பு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் நிறைந்திருந்த காலத்தில் இந்த வட்டாரத்துப் பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். மசாலா இங்கே அரைபட்டது. கிழங்கு மட்டும் எப்போதும் வெளியிலிருந்தே வந்தது. சிங்கப்பூரில் வணிக அளவில் உருளைக்கிழங்கு விளைவதில்லை. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்கு வந்து, தேக்கா சந்தைக்கும் ஃபேர்பிரைஸ் கடைகளுக்கும் பிரிந்து போகும் கிழங்கு மொத்தமும் இறக்குமதி.

இதை மாற்ற வேண்டுமா? சாப்பாட்டுக் கிழங்கைப் பொறுத்தவரை வேண்டாம் என்பதே என் பதில். ஒரு கிலோ மூன்று, நான்கு வெள்ளிக்குள் கிடைக்கும் பொருளை, உலகத்தின் விலையுயர்ந்த நிலங்களில் ஒன்றில் விளைவிப்பது பெருமைக்கு வேண்டுமானால் உதவும். விதைக்கிழங்கின் கணக்கு வேறு. ஆய்வகத்தில் பிறந்து, கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும் குறுங்கிழங்குக்கு நிலமே வேண்டியதில்லை. நிலத்தைத் தொடாமல் இருப்பதுதான் அதன் தகுதி.

கிழங்குக்கு ஏன் இந்தப் பாடு?

நெல்லுக்கும் தக்காளிக்கும் விதை உண்டு. உருளைக்கும் காய் உண்டு, காய்க்குள் விதையும் உண்டு. ஆனால் அந்த விதையைப் போட்டால் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வரும். அதனால் உலகெங்கும் கிழங்கையே நறுக்கியோ முழுதாகவோ நடுகிறார்கள். தாயின் அச்சாகவே பிள்ளை வரும். தாயின் நோயும் அப்படியே வரும்.

அசுவினி என்ற சிறு பூச்சி செடிக்குச் செடி தாவிச் சாறு உறிஞ்சும்போது வைரஸைக் கூடவே கொண்டுபோகிறது. இலைச்சுருட்டு வைரஸும் ‘ஒய்’ வைரஸும் இதில் பெயர்பெற்றவை. முதல் வருடம் தோட்டத்தில் ஒன்றும் தெரியாது. அந்த விளைச்சலிலிருந்தே விதை எடுத்து வைத்தால் அடுத்த வருடம் இலை சுருளும், அதற்கடுத்த வருடம் கிழங்கு சிறுக்கும். ‘விதை தேய்ந்துபோச்சு’ என்று விவசாயி சொல்லும்போது நடந்திருப்பது இதுதான். விதைக்கு மட்டும் சாகுபடிச் செலவில் 40 முதல் 50 விழுக்காடுவரை போகிற பயிர் இது. தேய்ந்த விதையை வாங்கியவருக்கு உழவும் உரமும் தண்ணீரும் சேர்ந்து வீண்.

இதற்கு வழி பிறந்தது பிரான்சில். 1952-இல் ஜார்ஜ் மொரேலும் கிளாட் மார்ட்டினும் வைரஸ் பிடித்த டாலியாச் செடியின் நுனிக்குருத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவு திசுவை மட்டும் வெட்டி வளர்த்து, நோயில்லாத செடியைப் பெற்றார்கள். வளரும் நுனியின் கடைசி மில்லிமீட்டரில் சில பகுதிகளுக்கு வைரஸ் போய்ச் சேருவதில்லை. சில ஆண்டுகளில் அதே முறையை உருளைக்கும் செய்துகாட்டினார்கள். இன்று எந்த உருளைக்கிழங்கு ஆய்வகத்துக்குப் போனாலும் நடப்பது இதன் விரிவுதான். முளையை 37 டிகிரிச் சூட்டில் சில வாரம் வைத்து வைரஸைத் தளர்த்துகிறார்கள். நுனியில் கால் மில்லிமீட்டர் போலக் கீறி எடுத்து, அகார் கலந்த ஊட்டக்கூழில் வைக்கிறார்கள். செடி வந்ததும் வைரஸ் சோதனை. தேறிய ஒரே செடியைக் கணுக் கணுவாக நறுக்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெருக்குகிறார்கள். ஒரு கணு ஒரு செடி. அந்தச் செடியில் மறுபடி ஐந்தாறு கணு. வருடம் முடிவதற்குள் எண்ணிக்கை லட்சங்களைத் தொட்டுவிடும்.

குழாயில் இருக்கும் நாற்றை வயலில் நேரே வைத்தால் பிழைப்பது கடினம். அதனால் பூச்சி புகாத வலைக்குடிலில், கிருமி நீக்கிய தென்னைநார்க் கழிவிலோ கரிமண்ணிலோ நட்டு, முதல் கிழங்கு எடுக்கிறார்கள். மூன்று கிராமிலிருந்து பத்து கிராம்வரை இருக்கும் இதுதான் குறுங்கிழங்கு. விதைத் தொழிலில் இதற்கு ‘ஜி-0’ என்று பெயர். இதை நட்டு எடுப்பது ஜி-1, அதிலிருந்து ஜி-2. விவசாயி கைக்கு வருவது பெரும்பாலும் இந்தப் பேரக்கிழங்குகளில் ஒன்று.

காற்றில் தொங்கும் வேர்

கரிமண் பாத்தியில் ஒரு செடி பத்துக் கிழங்குக்குமேல் கொடுப்பது அபூர்வம். இந்த எண்ணிக்கையை மாற்றியது ஏரோபோனிக்ஸ். இருட்டுப் பெட்டியின் மூடியில் துளை போட்டுச் செடியைச் செருகுகிறார்கள். தழை மேலே வெளிச்சத்தில், வேர் கீழே இருட்டில் அந்தரத்தில். சில நிமிடத்துக்கு ஒருமுறை, சில விநாடி, ஊட்டம் கலந்த நீர் பனிமூட்டமாகத் தெளிக்கப்படுகிறது. கிழங்கு பிடிக்கும் தண்டு மண்ணுக்குள் அல்ல, கண்ணெதிரே தொங்குகிறது. பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, அளவுக்கு வந்த கிழங்கை மட்டும் பறித்துவிட்டு மூடிவிடலாம். பறித்த இடத்தைச் சுற்றிச் செடி மறுபடி கிழங்கு வைக்கும். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இந்த முறையில் செடிக்கு 35 முதல் 60 குறுங்கிழங்குவரை எடுக்கலாம் என்கிறது. ஹரியாணாவில் கர்னாலுக்குப் பக்கத்தில் ஷாம்கரிலுள்ள உருளைக்கிழங்குத் தொழில்நுட்ப மையம் இதை வழக்கமான வேலையாகவே செய்கிறது.

இப்போது ஒரு கணக்கு. ஒரு ஹெக்டேருக்கு இரண்டரை முதல் மூன்று டன் விதைக்கிழங்கு வேண்டும். எண்ணிக்கையில் ஏறத்தாழ 60,000. அதே 60,000-ஐ ஐந்து கிராம் குறுங்கிழங்காக எடுத்தால் மொத்த எடை 300 கிலோதான். செடிக்கு 40 என்று வைத்தால் 1,500 செடி போதும். சதுர மீட்டருக்கு 25 செடி வீதம் அதற்குத் தேவை 60 சதுர மீட்டர். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மூவறை வீட்டின் பரப்பு அவ்வளவுதான். ஒரு மூவறை வீட்டளவு இடம் ஒரு பருவத்தில் ஒரு ஹெக்டேருக்கு வித்துக் கொடுக்கும். அதைப் பெருக்கினால் ஜி-1, ஜி-2 என்று பல ஹெக்டேர். காகிதத்தில் போட்ட கணக்குதான். அழுகல், சேதம் எல்லாம் சேர்த்துப் பாதியாக்கினாலும் படம் மாறாது.

இந்தக் கணக்கை நிலமில்லாத ஊர்க்காரர்கள்தான் முதலில் போட்டிருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதை விண்வெளிக்காரர்கள் போட்டார்கள். 1995 அக்டோபரில் கொலம்பியா விண்கலத்தில், விஸ்கான்சின் பல்கலைக்கழகம் வடிவமைத்த பெட்டிக்குள் உருளை இலைத்துண்டுகளில் குறுங்கிழங்கு பிடித்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்த டெக்னிகோ நிறுவனம் மூடிய அறைக்குள் குறுங்கிழங்கு செய்யும் முறையை வணிகமாக்கியது. இன்று அது இந்தியாவின் ஐடிசி குழுமத்துக்குச் சொந்தம். இமாச்சலப் பிரதேசத்தில் அதன் கூடம் இருக்கிறது.

சூடு என்கிற எதிரி

பால்கனியில் ஒரு தொட்டியில் முளைவிட்ட கிழங்கைப் புதைத்துப் பார்த்தவர்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர். செடி செழிப்பாக வரும். தோண்டினால் வேரும், சில நேரம் சுண்டைக்காய் அளவில் ஒன்றிரண்டும். மண்ணின் குற்றம் அல்ல, உரத்தின் குறையும் அல்ல. இரவு குளிர்ந்தால்தான் உருளைச் செடி கிழங்கு வைக்கும்; 15 முதல் 20 டிகிரி அதற்குப் பிடித்த இரவு. சிங்கப்பூரில் விடியற்காலைகூட 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது குறைவு. கிழங்கு வைக்கச் சொல்லி இலையிலிருந்து கீழே இறங்கும் ஒரு புரதச் சைகையைச் சூடு அடக்கிவிடுகிறது. செடி தன் சர்க்கரையைத் தழையிலேயே செலவழித்துவிடுகிறது. பகல் பன்னிரண்டு மணி நேரம் என்பது கிழங்குக்குச் சாதகம்தான். சூடு ஒன்றுதான் இங்கே தடை.

அதற்கும் பதில் இந்தத் தீவிலேயே பாதி எழுதப்பட்டிருக்கிறது. தேசியக் கல்விக் கழகத்தில் பேராசிரியர் லீ சிங் கோங்கும் அவருடைய குழுவினரும் 1990-களில் ஒன்றைக் காட்டினார்கள். தழை வெயிலில் வாடினாலும் வேர்ப்பகுதியை மட்டும் 20 டிகிரிபோலக் குளிர்வித்தால், குளிர்நாட்டு லெட்யூஸ் சிங்கப்பூரில் வளரும். கூடம் முழுவதையும் குளிரூட்ட வேண்டாம். தெளிக்கும் நீரைக் குளிர்வித்தால் போதும். லிம் சூ காங்கில் அந்த முறையில் பண்ணையும் நடந்தது. இதே எண்ணத்தை உருளைக்கு எடுத்துச் சென்றவர்கள் ஜாவாவில் போகோர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள். தாழ்நிலத்தின் சூட்டில் ஏரோபோனிக்ஸ் பெட்டிகளை வைத்து, ஊட்டநீரை 10 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, வேர்மண்டலத்தில் விதைக்கிழங்கு பிடிக்க வைத்ததை 2013 வாக்கில் ஆய்வுக்கட்டுரைகளாக எழுதினார்கள். சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கிற ஊர்.

சிங்கப்பூர் அரசு 2019-இல், 2030-க்குள் உணவுத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்பது என்று இலக்கு வைத்தது. 2025 நவம்பரில் அதைக் கைவிட்டு, 2035-க்குள் நார்ச்சத்தில் 20 விழுக்காடு, புரதத்தில் 30 விழுக்காடு என்று மாற்றிக்கொண்டது. இடையில் செங்குத்து அடுக்குப் பண்ணைகள் சில மூடப்பட்டன. மின்கட்டணமும், மலிவான இறக்குமதிக் கீரையும் அவற்றை மூடின. கிலோக்கணக்கில் விற்கும் பொருளை மின்சாரத்தில் வளர்த்தால் அதுதான் கதி. எண்ணிக்கைக் கணக்கில் விற்கும் வித்து அந்தப் பள்ளத்தில் விழாமல் தப்பக்கூடும் என்பது என் வாதம். வரவுசெலவை யாராவது ஒரு சோதனைக் கூடத்தில் போட்டுப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

நீலகிரியின் அறுபதாண்டுத் தலைவலி

வாங்குவதற்கு ஆள் வேண்டுமே? இங்கே தமிழ்நாட்டைப் பேசாமல் முடியாது.

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820-களில் கொண்டுபோன உருளை, நீலகிரியில் வெறும் ‘கிழங்கு’ என்று பெயர் வாங்கிக் குடியேறிவிட்டது. கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று வருடத்துக்கு மூன்று பட்டம். மேட்டுப்பாளையம் மண்டிகளில் ஊட்டிக் கிழங்குக்குத் தனி விலை. முத்தோரையில் 1957-இல் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் கிளை வந்தது. நான்கே வருடத்தில், 1961-இல், இங்கிலாந்து நூற்புழு ஆய்வாளர் எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ், உதகை விஜயநகரம் பகுதி வயலில் தங்க நூற்புழுவைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் அது கண்டறியப்பட்டது அப்போதுதான் முதல்முறை. ஆண்டிஸ் மலைப் புழு. ஐரோப்பிய விதைக்கிழங்கோடு வந்திருக்கலாம் என்பதே பொதுவான கருத்து.

இந்தப் புழுவின் குணம் மற்றப் பூச்சிகளின் குணம் அல்ல. பெண்புழு வேரில் ஒட்டியபடியே செத்து, தன் உடம்பையே தோல்பையாக்கிக்கொள்கிறது. உள்ளே சில நூறு முட்டைகள். அந்தக் கூடு மண்ணில் இருபது வருடம்கூடக் கிடக்கும். உருளையின் வேர் கசியவிடும் சாறு படும்வரை காத்திருந்து பொரியும். குண்டூசித் தலையைவிடச் சிறியது. மண்வெட்டியில், செருப்பில், சாக்கில், கிழங்கின் கண்ணுக்குள் அப்பிய துளி மண்ணில் பயணம் போகும். இதனால் நீலகிரி விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை வந்தது. விதைக்கு ஏற்ற குளிர்மலை ஒன்று, வெளியூருக்கு விதை கொடுக்க முடியாத மலையாகிவிட்டது.

வடக்கில் எல்லாம் சுத்தம் என்ற நம்பிக்கையும் நீடிக்கவில்லை. 2018-இல் இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு-காஷ்மீர் ஆகிய பகுதிகளின் விதைக்கிழங்கு வெளியே போவதற்கும் மத்திய அரசு தடை போட்டது. நாட்டுக்கே மூலவித்துக் கொடுத்துவந்த குஃப்ரி பண்ணையின் மண்ணிலேயே நூற்புழு இருந்தது. மண்ணில்லாத வித்து ஒரு புதுமை விளையாட்டாக இருந்த நிலை மாறி, அவசியம் என்றானது அங்கேதான்.

ஒன்றை மட்டும் மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். குறுங்கிழங்கு என்பது சுத்தம், எதிர்ப்புச் சக்தி அல்ல. நூற்புழு இருக்கும் வயலில் அதை நட்டால் அந்தப் பருவமே புழு ஏறும். அதற்கு ரகம் வேண்டும். நூற்புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா 1985-இலேயே வந்துவிட்டது. பிறகு குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி. ஆனாலும் 1968-இல் வந்த குஃப்ரி ஜோதியை மலை விடவில்லை. அதைச் சந்தைக்குத் தெரியும், விவசாயிக்கும் பழகிவிட்டது. தாங்கும் ரகத்தைக் குறுங்கிழங்காகப் பெருக்கி, போதிய அளவில், பட்டத்துக்கு முன்னால் விவசாயி கையில் சேர்ப்பதுதான் தீர்வு. இந்த வாக்கியத்தில் கடினமான பகுதி ‘பட்டத்துக்கு முன்னால்’ என்பது. நடவுக்கு மழை இறங்கிய பிறகு வந்து சேரும் நல்ல விதையால் யாருக்கும் பயனில்லை.

வியட்நாம் குடும்பங்கள் செய்தது

ஆய்வகம் என்றதும் வெள்ளைக் கோட்டும் கோடி ரூபாயும் நினைவுக்கு வருகிறது. வியட்நாமின் தாலாத் மலையூரில், 1970-களின் கடைசியிலும் 80-களிலும், விவசாயக் குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே திசு வளர்ப்பு செய்தன. நாற்றைக் குறுங்கிழங்காக்கும்வரை காத்திருக்காமல், நுனியை வெட்டி வேர்விட வைத்து, நாற்றாகவே அக்கம்பக்கத்தில் விற்றார்கள். கத்தரி நாற்று வாங்குவதுபோல உருளை நாற்று வாங்கி நட்டார்கள் மற்றவர்கள். லிமாவிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையம் இதைக் கவனித்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனது. அண்மை ஆண்டுகளில் கர்நாடகத்தின் ஹாசன் பகுதிக்கும் அது வந்திருக்கிறது. ஒவ்வொரு வருடமும் பஞ்சாப் விதைக்காக லாரியை எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஊர் அது. தாளவாடி மலைக்கும் ஓசூருக்கும் ஹாசன் தூரமில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஏரோபோனிக்ஸில் கஷ்டங்களும் உண்டு. மின்சாரம் போய்ச் சில மணி நேரம் தெளிப்பு நின்றால் தொங்கும் வேர் காய்ந்துவிடும். மாற்று மின்னாக்கி இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. எல்லாச் செடிக்கும் ஒரே நீர் சுற்றிவருவதால், ஒரு பெட்டியில் புகுந்த அழுகல் பாக்டீரியா எல்லாப் பெட்டிக்கும் போகும். ஈரத்திலேயே வளர்ந்த கிழங்கின் தோல்துளைகள் விரிந்திருக்கும். நன்றாக உலர்த்தாமல் குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் கெடும். வயலுக்கு வந்த பிறகும் சிறிய கிழங்கில் சேமிப்பு குறைவு. ஆழமாக நட்டால் மேலே வர வலுவிருக்காது, ஒரு வாரம் தண்ணீர் தவறினால் தாங்காது. குறுங்கிழங்கை வாங்கி நேராகச் சாப்பாட்டுக் கிழங்கு எடுக்க நினைப்பவர் ஏமாறுவார். நிழல்வலைக்குள் ஒரு பருவம் வைத்துப் பெருக்கி, அதன்பிறகு வயலுக்குக் கொண்டுபோவதே பாதுகாப்பு.

தஞ்சோங் பகார் வட்டாரத்து முனையங்களின் சரக்கு வேலை இப்போது துவாஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நகரத்துக் கடலோரம் குடியிருப்புக்கும் பூங்காவுக்கும் காத்திருக்கிறது. அங்கே உருளைத் தோட்டம் போட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு கிடங்கின் ஒரு தளம் போதும். குளிர்ந்த வேர் பற்றிய அறிவு இங்கே இருக்கிறது, கிருமி புகாத அறைகளை நடத்தும் ஆட்கள் இருக்கிறார்கள், சான்றிதழும் சுங்கமும் ஒழுங்காக நடக்கும் துறைமுகமும் விமான நிலையமும் இருக்கின்றன. 300 கிலோவை விமானத்தில்கூட அனுப்பலாம். ஜாவா, சுமத்ரா, தாலாத், நுவரெலியா மலைகளுக்குச் சுத்தமான மூலவித்துக் கொடுக்கும் ஊராகச் சிங்கப்பூர் ஆக முடியும். தமிழ்நாட்டுக்கு அது வேண்டியதில்லை. முத்தோரையில் ஆட்கள் இருக்கிறார்கள், ரகங்கள் இருக்கின்றன. அரசு செய்ய வேண்டியது பெட்டிகளும் மின்னாக்கியும் வாங்கிக் கொடுத்து, வருடத்துக்கு இத்தனை லட்சம் குறுங்கிழங்கு என்று எண்ணிக் கேட்பது.

இதைப் படிக்கும் சிங்கப்பூர் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊட்டி போனால் கிழங்கை வாங்குங்கள், அங்கேயே வறுவலாகவும் போண்டாவாகவும் சாப்பிடுங்கள். ‘நல்ல ரகம், வீட்டுத் தொட்டியில் வைக்கலாம்’ என்று மண் ஒட்டிய நாலு கிழங்கைப் பெட்டிக்குள் போடாதீர்கள். நடவுக்கான கிழங்கைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவரத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும், அனுப்பும் நாட்டின் பயிர்நலச் சான்றிதழும் வேண்டும். இந்தச் சூட்டில் அது காய்க்கப் போவதில்லை. ஆனால் அதே பெட்டி, உதிர்ந்த அந்த மண்ணோடு, அடுத்த மாதம் உங்களோடு ஜாவா மலைகளுக்கோ மெல்பர்ன் பக்கமோ போகலாம். அங்கே உருளை வயல்கள் இருக்கின்றன.